நொண்டுகிற பிள்ளை நடிக்கவில்லை: பெண் பயிலுநர் அணியைப் பொறுப்பேற்றவருக்கு

கேள்வி: நான் ஒன்பது வருடமாகப் பொலிஸ் சேவையில் இருக்கிறேன். சொந்த ஊர் முல்லைத்தீவு மாவட்டம். இப்போது வன்னியில் ஒரு பயிற்சி முகாமில், புதிதாகச் சேர்ந்த 32 பெண் பிள்ளைகளுக்கு உதவிப் பயிற்றுநராக விட்டிருக்கிறார்கள். ஐந்தாம் கிழமை நடக்கிறது. ஆறு பேர் நொண்டுகிறார்கள். இருவர் காலைப் பரேட்டில் அடிக்கடி மயங்கி விழுகிறார்கள். ஒருத்தி எந்தக் கட்டளைக்கும் பிந்தியே திரும்புகிறாள். இன்னொருத்தி சுடுபயிற்சிச் சத்தம் கேட்ட நாளிலிருந்து இரவில் நித்திரையில்லாமல் அழுகிறாள். "எல்லாம் சோம்பலும் நடிப்பும். கத்து, கூட ஓடவிடு, இல்லையெண்டால் தலையில ஏறுவாளவை" என்கிறார் எனக்கு மேலுள்ளவர். பிள்ளைகளோ என்னை அக்கா என்கிறார்கள். கத்திக் கத்தி என் குரலும் அடைத்துவிட்டது. கண்டிப்பாகவும் துணையாகவும் ஒரே ஆள் எப்படி இருப்பது?
— வாசகி, வன்னி

பதில்:

அன்பின் சகோதரிக்கு,

உங்கள் மேலதிகாரி சோம்பல் என்று சொல்வதில் பெரும்பங்கு எலும்பு, இரத்தம், மொழி என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும். மூன்றும் சத்தத்துக்குப் பயப்படுவதில்லை. கண்டிப்பா துணையா என்ற கேள்விக்குப் பிறகு வருவோம். நொண்டுகிற ஆறு பேரை அதுவரை வைத்திருக்க முடியாது.

இன்று மாலையே அவர்களைச் சப்பாத்தைக் கழற்றி ஒரு வாங்கில் இருத்துங்கள். முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உட்பக்க விளிம்பை ஒரு விரல் நுனியால் மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டு வாருங்கள். ஐந்து சென்றிமீற்றருக்கு மேல் நீளமாகப் பரவி நொந்தால், ஓடத் தொடங்கும்போது கூடி உடம்பு சூடானபின் குறைந்தால், அது பெரும்பாலும் எலும்பைச் சுற்றியுள்ள சவ்வும் தசைப் பிடிப்பும் பட்ட நோவு. பாரத்தைக் குறைத்தால் ஆறும். விரல் நுனியளவான ஒரே இடத்தில் தொட்டவுடன் காலை இழுத்தால், படுத்திருக்கும்போதும் நொந்தால், எலும்பில் மயிரிழை வெடிப்பு என்று எடுத்துக்கொண்டு ஓட்டம், அணிநடை இரண்டையும் அந்த நிமிடமே நிறுத்துங்கள். பாதத்தின் மேற்பக்கத்தில், விரல்களுக்குப் பின்னால் வரும் நோவையும் இதேபோலப் பாருங்கள்.

கவட்டிலோ தொடையின் முன்பக்கத்திலோ நோவு என்று சொல்லும் பிள்ளை வேறு வகை. அவளை ஒற்றைக் காலில் துள்ளவிட்டுச் சோதிக்க வேண்டாம். தொடையெலும்பின் கழுத்தில் வெடிப்பு இருந்தால் ஒரு துள்ளலிலேயே முழு முறிவாகலாம், பிறகு சத்திரசிகிச்சைதான். காலில் பாரம் கொடுக்காமல் அன்றைக்கே வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். அனுப்பும் துண்டில் "கால் நோவு" என்று மட்டும் எழுதாதீர்கள். எத்தனையாம் கிழமை, எந்த இடம், இரவில் நோகிறதா, ஒரு கிழமையில் எவ்வளவு தூரம் ஓடினாள் என்று நான்கு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று கிழமைக்கு இந்த வெடிப்பு எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். "படத்தில் ஒன்றுமில்லை" என்ற பதிலோடு திரும்பி வந்த பிள்ளையை அடுத்த நாள் ஓடவிடுவதுதான் முகாம்களில் அதிகம் நடக்கும் தவறு. நோவு இருக்கும்வரை எக்ஸ்ரே என்ன சொன்னாலும் ஓட்டமில்லை. இரண்டு கிழமையில் திரும்ப ஒரு படம் எடுக்கக் கேளுங்கள்.

ஏன் ஐந்தாம் கிழமையில்? பழகாத பாரம் விழுந்தால் எலும்பு தன்னைத் திருத்தி எடுக்கத் தொடங்குகிறது. வீடு வேய்வதுபோல, பழைய ஓலையை இறக்கிய பிறகுதான் புதியது ஏறும். எலும்பில் பழையது அரிந்துபோகச் சில கிழமை போதும். புதியது இறுக மாதங்கள் வேண்டும். அந்த இடைவெளியில்தான், ஏறத்தாழ மூன்றாம் கிழமைக்கும் எட்டாம் கிழமைக்கும் நடுவில், எலும்பு முன்பிருந்ததைவிட நலிந்து நிற்கும். ஆனால் மூச்சும் தசையும் அதற்குள் தேறிவிடும். பிள்ளையால் கூட ஓட முடிகிறது, பயிற்றுநரும் கூட ஓடவிடுகிறார், எலும்பு வெடிக்கிறது. படைப் பயிற்சிகளில் பெண்களுக்கு இந்த வெடிப்பு ஆண்களைவிட இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். பெண்ணெலும்பு மெல்லியது என்பது ஒரு காரணம். பயிற்சி ஆணின் அளவுக்கு வெட்டித் தைக்கப்பட்டது என்பது மற்றது, அதுதான் உங்கள் கையில் இருப்பது.

அடி நீளத்தை எடுங்கள். பிரித்தானிய மரபில் வந்த அணிநடையில் ஓர் அடி 30 அங்குலம், அதாவது 76 சென்றிமீற்றர். நிமிடத்துக்கு 120 அடி. ஐந்தடி உயரமான பிள்ளை இயல்பாக நடக்கையில் வைக்கும் அடி 62, 63 சென்றிமீற்றர்தான். மிச்சத்தை எட்ட அவள் இடுப்பை முறுக்கிக் குதியை முன்னுக்கு எறிகிறாள். அந்த அடி முழுக்க இடுப்பெலும்பில் இறங்குகிறது. பிரித்தானிய விமானப்படையில் ஆண்களோடு அடி சேர்த்து நடந்து இடுப்பிலும் முதுகிலும் காயப்பட்ட மூன்று பெண்களுக்கு 2013 இல் தலா ஒரு இலட்சம் பவுண் அளவில் நட்டஈடு கொடுக்க வேண்டி வந்தது. பெண்களுக்கு அடி 27 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்று அங்கே ஆக்கிக்கொண்டார்கள். நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை: ஒரு நீளக் கயிற்றில் 68 சென்றிமீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, அதை நிலத்தில் இழுத்து வைத்துச் சுண்ணாம்பால் நாற்பது கோடு கீறுங்கள். மூன்று காலை, இருபது நிமிடம் அதில் நடக்கவிட்டால் அடி காலில் பதிந்துவிடும். நெடுந்தூர நடைக்குப் போகும்போது ஆகக் குட்டையான பிள்ளையை முன்னுக்கு விடுங்கள். நெட்டையானவள் முன்னுக்குப் போனால் பின்வரிசை நடப்பதில்லை, விட்டுவிட்டு ஓடுகிறது. அந்த ஓட்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

அடுத்தது காலை ஓங்கி நிலத்தில் அறைவது. தொடையை மட்டமாக உயர்த்தி, சப்பாத்துக் குதியைச் சீமெந்தில் இறக்கும்போது கேட்கும் அந்த ஒற்றைச் சத்தத்தில் எல்லாப் பயிற்றுநருக்கும் ஒரு ஆசை உண்டு. ஒரு காலையில் ஒரு பிள்ளை எத்தனை தரம் அறைகிறாள் என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள், ஆசை குறையும். படிக்கிற காலத்தில் அசைவை எண்ணிக்கையாகப் பிரித்து, கன்வஸ் சப்பாத்தோடு, புல்லிலோ மணலிலோ மெதுவாகக் கால் வைத்துப் பழக்குங்கள். உயரமும் நேரமும் சரியாக வந்த பிறகு, பாடத்தின் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் முழு அறை. விடைபெறும் அணிவகுப்பில் சத்தம் குறையாது. ஒன்றாக விழுகிற மெதுவான 32 கால், தனித்தனியே விழுகிற ஓங்கிய 32 காலைவிட உரக்கக் கேட்கும்.

ஓட்டத்தை ஒரே அணியாக ஓட வைக்காதீர்கள். 2.4 கிலோமீற்றர் ஓடவிட்டு நேரம் எழுதி, மூன்று கூட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் தன் வேகத்தில் ஓடட்டும், இரண்டு கிழமைக்கு ஒருமுறை திரும்ப நேரம் பார்த்து ஆளை மாற்றுங்கள். ஒரே அணியாக ஓடினால் முன்னிருப்பவளுக்கு அது நடை, பின்னிருப்பவளுக்கு அது போட்டி. இருவருக்கும் பயன் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். நீண்ட நடைக்கு அடுத்த நாள் ஓட்டம் வேண்டாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் கிலோமீற்றரைக் கூட்டினால் காயம் கூடுகிறதே தவிர ஓட்டம் தேறுவதில்லை என்பது படைப் பயிற்சிகளை அளந்து பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டது.

இதில் தண்டனையையும் சேர்த்து எண்ண வேண்டும். பிந்தி வந்ததற்கு இரண்டு சுற்று, சிரித்ததற்கு ஒரு சுற்று என்று கொடுக்கும் ஓட்டமும் அதே எலும்பில்தான் விழுகிறது. பெரும்பாலும் யாருக்கு விழுகிறது? மெதுவாக ஓடுகிறவளுக்கு, அதாவது ஏற்கெனவே நோகிறவளுக்கு. அவளை நொண்டவைப்பதும் நொண்டியதற்காக ஓடவிடுவதும் ஒரு வட்டம். தண்டனை வேண்டுமென்றால் காலில் விழாத ஒன்றைக் கொடுங்கள்: கட்டளைச் சொற்களை இருபது முறை எழுதுவது, அடுத்த நாள் ஆயுதக் களஞ்சியக் கணக்கு எடுப்பது. உங்கள் மேலதிகாரியிடம் இரக்கம் பேசிப் பயனில்லை, கணக்குப் பேசுங்கள். மயிரிழை வெடிப்பு வந்தவள் ஆறு முதல் எட்டுக் கிழமைக்கு அணியில் இல்லை. ஆறு பேரும் அப்படிப் போனால் அணிவகுப்பு நாளில் நிற்பது 26 பேர். இதை எழுதி முன்னே வையுங்கள்.

சப்பாத்தைப் பற்றிச் சுருக்கமாக. ஆணின் அச்சில் செய்து சிறிய இலக்கம் போட்ட சப்பாத்து, பெண்ணின் ஒடுங்கிய குதியில் ஏறி இறங்கும். கொப்புளம் அங்கேதான் வரும். அளவு பார்ப்பது மாலையில், கால் வீங்கியிருக்கும் நேரத்தில், போடப்போகும் தடித்த காலுறையோடு. காலை முன்னுக்குத் தள்ளினால் குதிக்குப் பின்னால் ஒரு விரல் போக வேண்டும். புதுச் சப்பாத்தை முதல் கிழமை நாளுக்கு ஒரு மணி நேரம், அடுத்த கிழமை இரண்டு. கொப்புளத்தின் தோலைக் கிழித்து எறியவிடாதீர்கள்.

கைப்பலத்தில் பிள்ளைகள் பின்தங்குவதைப் பெரிதாக எடுக்க வேண்டாம். கிழமைக்கு மூன்று நாள் செய்தால் வேகமாகத் தேறுவது அதுதான். முழங்காலை ஊன்றித் தண்டால் எடுக்க வைப்பதைவிட, இடுப்பு உயரமான மேசை விளிம்பில் கையூன்றி உடலை நேராக வைத்து எடுக்கட்டும். எட்டு எட்டாக மூன்று தரம் வந்தவுடன் வாங்குக்கு இறக்குங்கள், பிறகு படிக்கட்டு, பிறகு நிலம். துப்பாக்கிப் பயிற்சிக்கு முன் இது நடந்திருக்க வேண்டும். வெறும் ரி-56 ஏறத்தாழ நான்கு கிலோ. தோள் களைத்தவள் முதுகை வளைத்துத்தான் அதைத் தூக்குவாள்.

எலும்பின் மற்றப் பாதி குசினியில் இருக்கிறது. இந்தப் பயிற்சியில் ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 2,500 கலோரி அளவில் செலவாகும். காலைச் சாப்பாட்டுக்கு நேரமில்லாமல் தேத்தண்ணியோடு வெளிக்கிட்டு, மத்தியானம் சோறு, இரவு களைப்பில் பாதிச் சோறு என்றால் அது ஈடாகாது. ஈடாகாதபோது உடம்பு முதலில் நிறுத்துவது மாதவிடாயை. "நல்லதாய்ப் போச்சு, கரைச்சல் இல்லை" என்று பிள்ளைகளே சொல்லுவார்கள். நல்லதில்லை. மூன்று மாதம் வராவிட்டால் எலும்பு கரைகிறது என்று எடுத்து வைத்தியரிடம் அனுப்ப வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் பெண் பயிலுநர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் செய்து 2008 இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,000 மில்லிகிராம் கல்சியமும் 800 அலகு விற்றமின் டியும் எடுத்தவர்களுக்கு வெடிப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. குளிசை கொடுப்பதா என்பது வைத்தியரின் முடிவு. குசினியில் கேட்டுப் பெறக்கூடியவை உண்டு: நூறு கிராம் குரக்கனில் 340 மில்லிகிராமுக்குக் கிட்டக் கல்சியம் இருக்கிறது, முள்ளோடு சாப்பிடும் நெத்தலி, முருங்கையிலை, எள்ளுருண்டை, தயிர். காலையில் குரக்கன் பிட்டும் பயறும் என்று கிழமையில் மூன்று நாள் மாற்றிக் கேளுங்கள். பாணையும் பருப்பையும்விடச் செலவு பெரிதாகக் கூடாது.

மயங்கி விழும் இருவருக்கும் அந்தக் காலைச் சாப்பாடே பாதி மருந்து. மிச்சம் நிற்கும் விதம். அசையாமல் நிற்கும்போது இரத்தம் காலில் தேங்கும். அதை மேலே தள்ளுவது கெண்டைத்தசை, அது அசையாவிட்டால் தலைக்குப் போவது குறைகிறது. முழங்காலைப் பூட்டி நிற்காமல், சப்பாத்துக்குள் கால்விரல்களை மடக்கி விரிக்கவும், வெளியே தெரியாமல் பாரத்தை முன்பாதத்துக்கும் குதிக்கும் மாற்றவும் முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டிய பாடம் இது. விழுந்தால் தூக்கி நிறுத்த வேண்டாம். படுக்கவைத்துக் காலை ஓரடி உயர்த்துங்கள். ஒரு நிமிடத்தில் தெளிவாள். தெளிந்தும் அடிக்கடி விழுகிறவளுக்கும், படியேறினாலே மூச்சு வாங்குகிறவளுக்கும் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். மாதாமாதம் அதிகம் போகிற பிள்ளைக்கு இரும்புச்சத்து இல்லாமல் 2.4 கிலோமீற்றர் ஓட்டம் எந்தக் காலத்திலும் தேறாது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது இரும்பை உடம்பில் ஏறவிடாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கட்டும், சோற்றில் தேசிக்காய் பிழியட்டும்.

நிற்கும்போது விழுவதும் ஓடும்போது விழுவதும் ஒன்றல்ல. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை வன்னி வெயிலில் ஓடிக்கொண்டிருந்தவள் தள்ளாடினால், பேச்சுக் குழறினால், கோபமாக ஏதோ உளறினால், அது வெப்பத் தாக்கு. வாகனத்தைத் தேட முன்னர் ஆளைக் குளிர்த்துங்கள்: நிழல், மேலுடை தளர்த்தல், உடம்பு முழுக்க வாளி வாளியாகத் தண்ணீர், விசிறல், கழுத்திலும் கமக்கட்டிலும் கவட்டிலும் ஈரத்துணி அல்லது ஐஸ். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரைக்கேறும். ஓட்டத்துக்குப் போகும்போது நான்கு வாளி தண்ணீரும் இரண்டு படுக்கை விரிப்பும் மைதானக் கரையில் இல்லையென்றால் ஓட்டம் தொடங்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும் நனைத்துக்கொண்டே போங்கள்.

தண்ணீர் குடிக்கச் சொல்லிக் கத்துவதற்கு முன் மலசலகூடத்தைப் போய்ப் பாருங்கள். பெண் பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருப்பதற்கு முக்கிய காரணம், போக இடமில்லை, கேட்க வெட்கம், கேட்டால் ஆண் பயிற்றுநர் நேரத்தைப் பார்ப்பார். விளைவு மயக்கம், சிறுநீர்க் குழாயில் கிருமி, காய்ச்சல். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எல்லாரும் போகும் நேரமாக அட்டவணையில் போட்டுவிட்டால் யாரும் கேட்கத் தேவையில்லை. மாதவிடாய்த் துணியும் அப்படித்தான்: கேட்டு வாங்கும் பொருளாக உங்கள் அலுமாரிக்குள் பூட்டி வைக்காமல், கூடத்திலேயே ஒரு பெட்டியில் இருக்கட்டும், மூடியுள்ள வாளி ஒன்றும் பக்கத்தில். தண்ணீர் சவராக இருந்தாலும் குடிக்க மாட்டார்கள். குடிதண்ணீர் வேறாக வருவதை உறுதிசெய்யுங்கள். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. தண்டனையாக ஒரேயடியாகப் போத்தல் போத்தலாகக் குடிக்க வைத்தால் இரத்தத்தில் உப்புக் குறைந்து வலிப்பு வரலாம். அமெரிக்கத் தரைப்படை தன் ஆட்களுக்கு வைத்திருக்கும் எல்லை மணிக்கு ஒன்றரைக் குவாட், ஏறத்தாழ 1.4 லீற்றர். அதிகம் வியர்த்தவளுக்கு ஜீவனி என்ற உப்பு-சீனித் தூள் ஒரு பக்கற்றைச் சரியாக ஒரு லீற்றரில் கரைத்துக் கொடுங்கள், அரைக் கிளாசில் அல்ல.

பிந்தித் திரும்புகிற பிள்ளைக்கு வருவோம். அவள் பிந்தவில்லை, பக்கத்திலிருப்பவளைப் பார்த்துத் திரும்புகிறாள். அவளைத் தனியே நிறுத்தி, கண்ணை மூடச்சொல்லி, முதலில் தமிழில் வலம், இடம் சொல்லுங்கள். சரியாகத் திரும்பினால் கையும் காலும் காதும் சரி. சிங்களக் கட்டளைதான் ஏறவில்லை. முல்லைத்தீவில் தமிழில் மட்டும் படித்து வந்தவளுக்கு "தக்குண", "வம" என்ற இரண்டும் களைப்பில் ஒரே சத்தமாகக் கேட்கும். பத்துக் கட்டளையைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதிக் கொடுத்து, இரவு பத்து நிமிடம் சிங்களம் தெரிந்த பிள்ளையோடு சோடி சேர்த்துப் பழக்குங்கள். கட்டளையில் இரண்டு பகுதி உண்டு: என்ன செய்வதென்று சொல்லும் நீண்ட பகுதி, செய் என்று சொல்லும் குறுகிய பகுதி. புதியவர்களுக்கு இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி விடுங்கள். தமிழில் சொன்னாலும் கண்மூடித் தடுமாறினால், பின்னாலிருந்து தாழ்ந்த குரலில் இலக்கங்களைச் சொல்லி, அவளைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சின்ன வயதில் செல் சத்தத்தில் செவிப்பறை கிழிந்து, ஒரு காது மந்தமாகவே வளர்ந்த பிள்ளைகள் வன்னியில் இருக்கிறார்கள். உடம்பில் இன்னும் செல் துண்டு இருக்கிற பிள்ளைகளும். "எங்கேயாவது பீஸ் இருக்கா?" என்று எல்லாரிடமும் பொதுவாக, எழுத்தில் கேளுங்கள். முழங்காலுக்குக் கிட்ட இருக்கும் துண்டு தவழும் பயிற்சியில் தொல்லை தரும். எம்ஆர்ஐ எடுக்கும்போது அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இரவில் அழுகிற பிள்ளையிடம் 2009 இல் எங்கே இருந்தாய் என்று கேட்காதீர்கள். அவளாகச் சொன்னால் கேளுங்கள், குறிப்பெடுக்க வேண்டாம். செய்யக்கூடியது இது: சுடுபயிற்சி எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எத்தனை வேட்டு என்று அணி முழுவதுக்கும் முதல் நாளே சொல்லுங்கள். எதிர்பாராத சத்தம் செய்கிறதில் பாதியைக்கூட எதிர்பார்த்த சத்தம் செய்யாது. முதல் நாள் அவளைத் தூரத்தில், உங்கள் பக்கத்தில் நிற்க வைத்து, வேட்டுகளை எண்ணச் சொல்லுங்கள். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கிட்ட. திடுக்கிட்டால் காலைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருளின் பெயரைச் சொல்லட்டும். நடுக்கமும் நித்திரையின்மையும் ஒரு மாதத்தைத் தாண்டினால், சாப்பாடு குறைந்தால், சாவைப் பற்றிப் பேசினால், மாவட்ட ஆஸ்பத்திரி உளநலப் பிரிவுக்கு. பிந்திய நேரத்தில் 1926 என்ற உளநல உதவித் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 2012 இன் முடிவில் கிளிநொச்சி பாரதிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப் பெண்கள் இராணுவத்தில் சேர்க்கப்பட்டபோது ஊர் கேட்ட கேள்விகளை இந்தப் பிள்ளைகளிடமும் ஊர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் இருக்கத் தொடங்கிய பந்தலில், உங்கள் அணியில் ஒருத்தியின் தாயும் இருந்திருக்கலாம். சீருடை போடும் பிள்ளையை அதற்காக நீங்கள் விசாரிக்கவும் வேண்டாம், சமாதானம் சொல்லவும் வேண்டாம். வீட்டோடு பேசும் நேரத்தை மட்டும் ஒருபோதும் தண்டனையாகப் பறிக்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. ஒரே ஆள் இரண்டாகவும் இருப்பது கடினம் என்பதால்தான் நன்றாக நடக்கும் பயிற்சிகள் வேலையைப் பிரித்துக் கொடுக்கின்றன. அமெரிக்க மரைன் படையின் பரிஸ் ஐலண்ட் பயிற்சி முகாமில் 2023 வரை பெண்களுக்கென்று தனி பட்டாலியனே இருந்தது, பயிற்சி 13 கிழமை. அங்கே ஓர் அணிக்கு ஒருவரல்ல, ஒரு குழு. மூத்த பயிற்றுநர் கண்டிப்பான பெற்றோர்போல நின்று பிள்ளைகளின் குறைகளைக் கேட்பவர், மற்றவர்கள் நெருக்குகிறவர்கள். இரவு எட்டு மணி நேர நித்திரை அட்டவணையிலேயே இருக்கும். இந்தக் கட்டுப்பாடுகளில் பலவற்றுக்குப் பின்னால் ஒரு விலை இருக்கிறது: 1956 ஏப்ரலில் அங்கே ஒரு பயிற்றுநர், ஒழுங்கு படிப்பிக்கவென்று இரவில் தன் அணியைச் சதுப்பு ஓடைக்குள் இறக்கினார், ஆறு பேர் மூழ்கிச் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் பயிற்றுநரின் மேல் கண் வைக்கும் முறை இறுகியது. உங்கள் முகாமிலும் இரண்டு பேராகப் பிரியுங்கள். ஒருவர் கட்டளை கொடுக்கட்டும், மற்றவர் வாய் திறக்காமல் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டு வரிசைக்குப் பின்னால் நடக்கட்டும். நொண்டலை முதலில் காண்பவர் அவர்தான்.

மைதானத்தில் மேடம். அக்கா என்பது விடைபெறும் நாளுக்குப் பிறகு. இதில் மனம் நோக ஒன்றுமில்லை. ஒருத்திக்கு அக்காவானால் மற்ற 31 பேருக்கும் அது தெரியும். தேர்வுத் தரத்தை யாருக்காகவும் குறைக்காதீர்கள், அங்கே போகும் படிகளை மட்டும் ஆளுக்கேற்பக் கூட்டுங்கள். திருத்தும்போது ஒரு நேரத்தில் ஒரு பிழை: "முழங்கை மடங்குது, மணிக்கட்டை இறுக்கு, திரும்ப மூன்று தரம்." ஊர், சாதி, தாய் தகப்பன், நிறம், உடம்பு எதையும் வாயில் எடுக்காதீர்கள். உடம்பைத் தொட்டுத் திருத்த வேண்டுமென்றால் "கையைப் பிடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். கிழமைக்கு ஒருமுறை ஆளுக்குப் பத்து நிமிடம், மற்றவர்கள் காணும் ஆனால் கேட்காத தூரத்தில் இருந்து பேசுங்கள். நித்திரை, சாப்பாடு, கால், மாதவிடாய், வீடு என்ற ஐந்தையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். கடன் கொடுக்கவோ வாங்கவோ வேண்டாம்.

ஒரு விடயத்தில் மட்டும் நீங்கள் வளையக் கூடாது. எந்தப் பயிலுநரையும் இரவில் தனியே எந்த அதிகாரியின் அறைக்கும் கூப்பிட முடியாது, கூப்பிட்டால் நீங்களும் கூடப் போவீர்கள். தனித் தொலைபேசிச் செய்தி எவருக்கும் இல்லை. ஒரு பிள்ளை அதிகாரி ஒருவரின் தொந்தரவைச் சொல்ல வந்தால் "ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், காப்பாற்ற முடியாது. "யாருக்குச் சொல்லுவேன் என்பதை உனக்குச் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்" என்று சொல்லுங்கள். அவளது சொல்லிலேயே திகதியோடு எழுதி, அன்றைக்கே மேலே கொடுங்கள். பாலியல் தொந்தரவு 1995 திருத்தத்தோடு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவில் குற்றம். முகாம் வேலி அதற்கு விலக்கல்ல. மேலே அசையாவிட்டால் பெண்களுக்கான 1938 உதவித் தொலைபேசி இலக்கம் வெளியில் இருக்கிறது.

குரலுக்கு: நாலு நாள் தேவையில்லாமல் ஒரு சொல்லும் உரக்கச் சொல்லாதீர்கள், கிசுகிசுக்கவும் வேண்டாம், அது தொண்டையை இன்னும் இறுக்கும். மற்றவர் கட்டளை கொடுக்கட்டும். திரும்பத் தொடங்கும்போது காற்று உங்கள் முதுகில் படும்படி, வரிசையிலிருந்து பதினைந்து அடி தள்ளி நில்லுங்கள். நீண்ட பகுதியைத் தாழ்ந்த குரலில் இழுத்து, குறுகிய பகுதியை வயிற்றை உள்ளே தட்டி ஒரே வெட்டாக விடுங்கள். தொண்டை நரம்பு புடைத்தால் பிழையாகச் செய்கிறீர்கள். அடியின் தாளத்துக்குக் கத்தாமல் ஒரு தவிலோ தகரமோ தட்டச் செய்யுங்கள். தொண்டையைச் செருமும் பழக்கத்தை விட்டு, செரும வரும்போது ஒரு மிடறு தண்ணீர் விழுங்குங்கள். மூன்று கிழமையைத் தாண்டியும் அடைப்பு இருந்தால் காது மூக்குத் தொண்டை வைத்தியரிடம் காட்டுங்கள். குரல்நாணில் முடிச்சு விழுந்திருந்தால் தொடக்கத்தில் ஓய்விலும் குரல் பயிற்சியிலுமே கரையும்.